தனக்கென வாங்கிய வெள்ளி
எல்சா பெரெட்டியின் நகைகளும் பெண்ணின் பணமும்

1969இல் நியூயார்க்கில் ஆடை வடிவமைப்பாளர் ஜார்ஜியோ டி சான்ட் ஆஞ்சலோவின் ஆடை அணிவகுப்பு ஒன்று நடந்தது. அதில் ஒரு பெண்ணின் கழுத்தில் சின்ன வெள்ளிக் குப்பி ஒன்று தொங்கியது. உயரம் இரண்டு அங்குலம் இருக்கும். உள்ளே ஒரு பூவைச் செருகலாம். கல் இல்லை, முத்து இல்லை, தங்கம் பொட்டளவும் இல்லை. ஆடைகளைப் பார்க்க வந்தவர்களின் கண் அந்தக் குப்பியின் மேல் நின்றது. அதை வடிவமைத்தவர் எல்சா பெரெட்டி. அப்போது அவருக்கு 29 வயது. நகைத் தொழிலை முறையாகக் கற்றவர் அல்லர். மாடலாக வேலை பார்த்துப் பிழைத்துக்கொண்டிருந்தவர். பழம்பொருள் சந்தையில் கண்ட ஒரு குப்பியை மனதில் வைத்து, ஸ்பெயினில் ஒரு வெள்ளித் தட்டாரிடம் சொல்லிச் செய்யவைத்திருந்தார்.

இன்று பழைய நவீனத்துவ வெள்ளி நகைகளைத் தேடிச் சேர்ப்பவர்களிடையே பெரெட்டியின் பெயருக்குத் தனி மதிப்பு உண்டு. ஏல விடுதிகளில் அவருடைய நகைகள் கைமாறுகின்றன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் அவருடைய படைப்புகள் இருக்கின்றன. அழகு, எளிமை, நேர்த்தி என்று அவற்றைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்கு இந்தக் கதையில் வேறொரு கேள்வி இருக்கிறது. ஒரு பெண் தன் சம்பளத்தில், தனக்காக, அதன் வடிவம் பிடித்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு நகையை வாங்குவதற்கு முன்னால் என்னென்ன நடந்திருக்க வேண்டும்?

*

பெரெட்டி 1940 மே 1 அன்று இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் பிறந்தார். தந்தை ஃபெர்டினாண்டோ பெரெட்டி எண்ணெய் வணிகர். ஏபிஐ என்ற பெட்ரோலிய நிறுவனத்தை நிறுவியவர். பணத்துக்குக் குறைவில்லாத, கட்டுப்பாட்டுக்கும் குறைவில்லாத வீடு. ரோமிலும் சுவிட்சர்லாந்திலும் படித்த மகள் 21 வயதில் வீட்டைவிட்டு வெளியேறினார். சுவிட்சர்லாந்தில் மொழி கற்றுக்கொடுத்தும் பனிச்சறுக்கு கற்றுக்கொடுத்தும் சம்பாதித்தார். பிறகு உள்ளக வடிவமைப்பு படித்து, மிலானில் ஒரு கட்டிடக் கலைஞரிடம் வேலை பார்த்தார். 1964இல் பார்சலோனாவுக்குப் போய் மாடலானார். பெரிய வீட்டுப் பெண் காமிரா முன் நின்று காசு வாங்குவதைக் குடும்பம் ஏற்கவில்லை. வீட்டிலிருந்து பணம் வருவது நின்றது.

1968இல் அவர் நியூயார்க் வந்தார். மாடலின் வேலை என்பது பிறர் தைத்ததைப் பிறர் சொன்னபடி போட்டுக்கொண்டு பிறர் பார்க்க நிற்பது. உடம்பு அவளுடையது, அதன் பிம்பம் அவளுடையது அல்ல. அந்த வேலையில் இருந்துகொண்டே பெரெட்டி ஒன்றைக் கற்றார்: ஒரு பொருள் தோலில் எங்கே உறுத்துகிறது, எங்கே வழுக்குகிறது, எங்கே தன் எடையைத் தாங்கிக்கொள்கிறது என்பதை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது தெரியாது, போட்டிருப்பவளுக்குத்தான் தெரியும்.

1970களின் தொடக்கத்தில் அவர் வடிவமைத்த எலும்புக் கைக்காப்பைப் பார்த்தால் இது விளங்கும். மணிக்கட்டின் வெளிப்பக்கத்தில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முண்டை நாம் பொதுவாகக் கவனிப்பதில்லை. வட்டமான வளையல் அந்த முண்டில் இடித்துக்கொண்டே இருக்கும். பெரெட்டியின் காப்பு அந்த முண்டின் மேல் புடைத்து எழுந்து, அதை மூடி, மீண்டும் கையோடு படிகிறது. அதனாலேயே இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று எனத் தனித்தனியாகச் செய்ய வேண்டியிருந்தது. இடக்கைக் காப்பை வலக்கையில் மாட்டினால் உட்காராது. பழைய காப்பை வாங்குகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வியே ‘எந்தக் கைக்கு உள்ளது?’ என்பதுதான்.

அந்த வடிவத்துக்கு இரண்டு மூலங்களை அவர் சொல்லியிருக்கிறார். ஒன்று, பார்சலோனாவில் கௌடி கட்டிய காசா மிலா கட்டிடத்தின் நெளியும் சுவர்கள். மற்றொன்று, ரோமில் கப்புச்சின் துறவிகளின் தேவாலயத்துக்கு அடியில் மனித எலும்புகளாலேயே அலங்கரிக்கப்பட்டிருக்கும் நிலவறை. சிறுமியாக அங்கே போகும்போதெல்லாம் ஒரு எலும்பைப் பையில் போட்டுக்கொண்டு வருவாராம். அம்மா திருப்பி வைக்கச் சொல்லி அனுப்புவாராம். பெண் நகைக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் பூ, கொடி, மாங்காய், மயில் என்ற வரிசையில் எலும்புக்கு இடமே கிடையாது. பெண்ணுடலை அலங்கரிப்பதற்குப் பதிலாக அந்த உடலின் எலும்பை அப்படியே வெளியே கொண்டுவந்து காட்டுகிறது இந்தக் காப்பு.

*

பெரெட்டிக்கு முன்பே வெள்ளியில் இந்தக் கேள்வியைக் கேட்ட பெண்கள் உண்டு. ஸ்வீடனின் மால்மோவில் 1927இல் பிறந்த விவியன்னா டோருன் புலோ-ஹூபே அவர்களில் முக்கியமானவர். அவர் பட்டறையில் உட்கார்ந்து தன் கையால் வெள்ளியை அடித்து வளைத்தவர். நகை என்பது பெட்டகத்தில் பூட்டி வைக்கும் செல்வமாக, ஒரு ஆணின் வசதியை அவன் மனைவியின் கழுத்தில் காட்டும் விளம்பரமாக இருப்பதை அவர் வெறுத்தார். விலையுயர்ந்த கற்களுக்குப் பதில் கடற்கரைக் கூழாங்கற்களை வெள்ளியில் கோத்தார். 1962இல் பாரிஸில் நடந்த ஒரு கண்காட்சிக்காக அவர் செய்த கைக்கடிகாரத்தில் எண்களே இல்லை. முகப்பு கண்ணாடி போல மின்னும். பார்ப்பவள் நேரத்தோடு தன்னையும் பார்ப்பாள். காப்பு போலத் திறந்த முனையோடு கையைச் சுற்றும். பின்னர் டென்மார்க்கின் ஜார்ஜ் ஜென்சன் நிறுவனம் அதைத் தயாரித்து விற்றது.

டோருனின் வெள்ளி ஓவியர்களிடமும் இசைக் கலைஞர்களிடமும் பெரும் மதிப்புப் பெற்றது. பெரெட்டியின் வெள்ளி போய்ச் சேர்ந்த இடம் வேறு: அலுவலகம் போகும் பெண்ணின் கழுத்து. இதில் ஆடைத் தொழிலுக்குப் பெரிய பங்கு உண்டு. அவருடைய நெருங்கிய நண்பரான வடிவமைப்பாளர் ஹால்ஸ்டன், 1970களின் அமெரிக்கப் பெண்களுக்கு அலங்காரம் களைந்த ஆடைகளைத் தைத்துக்கொண்டிருந்தார். சரிகையோ கொசுவமோ இல்லாத சட்டைக் கவுன்கள் அவை. வேலைக்கும் போட்டுக்கொண்டு போகலாம், இரவு விருந்துக்கும் போகலாம். அந்த வெறுமையான துணியின் மேல் வைரப் பதக்கம் பொருந்தாது. ஒரே ஒரு வழுவழுப்பான வெள்ளித் துண்டு பொருந்தும். 1971இல் நகை வடிவமைப்புக்காகக் கோட்டி விருது பெரெட்டிக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு ப்ளூமிங்டேல்ஸ் பல்பொருள் அங்காடி அவருடைய நகைகளுக்குத் தனிப் பகுதி ஒதுக்கியது. 1974இல் ஹால்ஸ்டனின் முயற்சியால் டிஃபனி நிறுவனத்தின் தலைவர் வால்டர் ஹோவிங்கைச் சந்தித்தார். ஒப்பந்தம் கையெழுத்தானது.

டிஃபனி அப்போது வைரத்துக்கும் நிச்சயதார்த்த மோதிரத்துக்கும் பேர்போன கடை. வெள்ளியில் தட்டும் கரண்டியும் விற்றார்கள். வெள்ளி நகை விற்று ஏறத்தாழ 25 ஆண்டுகள் ஆகியிருந்தன. வெள்ளி மலிவு, மலிவானது கௌரவக் குறைவு என்ற எண்ணம் அங்கேயும் இருந்தது.

*

வெள்ளி ஏன் இவ்வளவு பெரிய மாற்றம் என்பதைப் புரிந்துகொள்ள, நமக்கு நன்றாகப் பழகிய ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்ளலாம்: நகைக்கடை ரசீது. எடை இத்தனை கிராம், சேதாரம் இத்தனை சதவீதம், செய்கூலி இவ்வளவு. இதில் எடைதான் சொத்து. செய்கூலியும் சேதாரமும் போனால் போனதுதான். விற்கும்போதோ அடகு வைக்கும்போதோ திரும்பி வராது. அதனால்தான் வேலைப்பாடு அதிகமுள்ள நகையைப் பார்த்து ஆசைப்படும் மகளிடம் ‘கூலிதான் அதிகம், கட்டியா ஏதாவது எடு’ என்று அம்மாக்கள் சொல்கிறார்கள்.

பெரெட்டியின் நகை இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது. ஸ்டெர்லிங் எனப்படும் 92.5 சதவீத வெள்ளியை உருக்கினால் கிடைப்பது சொற்பம். வாங்குபவள் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி வடிவத்துக்குப் போகிறது. அவருடைய திறந்த இதயப் பதக்கத்தைப் பாருங்கள். சிற்பி ஹென்றி மூர் தன் சிலைகளில் விட்ட வெற்றிடங்களைப் பார்த்துப் பிறந்த வடிவம் அது. சங்கிலியைக் கோக்க மேலே வளையம் கிடையாது. இதயத்தின் நடுவிலுள்ள திறப்பு வழியாகவே சங்கிலி ஓடுகிறது. அதனால் அது நேராகத் தொங்காமல் கொஞ்சம் சாய்ந்து, போட்டிருப்பவளின் அசைவுக்கு ஏற்ப நகர்கிறது. அவரை விதைப் பதக்கம் உள்ளங்கைக்குள் அடங்கும். விரல்கள் தாமாகவே அதைத் தேடிப் போய்த் தடவும். எடைபோட்டால் இவற்றின் மதிப்பு தெரியாது.

அப்படியானால் இத்தகைய நகையை யார் வாங்க முடியும்? நகையைத் தன் வங்கியாக வைத்திருக்கும் பெண்ணால் முடியாது. நாளைக்குக் கணவன் கைவிட்டால், மாமியார் வீட்டிலிருந்து இறங்க வேண்டி வந்தால், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எதை அடகு வைப்பாள்? அவளுக்கு எடை தேவை. வடிவத்துக்காக ஒரு நகையை வாங்குகிறவளுக்குப் பாதுகாப்பு வேறெங்காவது இருக்க வேண்டும்: மாதச் சம்பளத்தில், தன் பெயரிலுள்ள கணக்கில், தன் கையெழுத்து செல்லும் சட்டத்தில்.

அமெரிக்கப் பெண்களுக்கு அந்தச் சட்டம் எப்போது வந்தது? 1963இல் சம ஊதியச் சட்டம் வந்தது. 1964இல் வேலை கொடுப்பதில் பால் பாகுபாடு தடைசெய்யப்பட்டது. ஆனால் கடனும் கணக்கும் அப்போதும் ஆணின் கையில்தான் இருந்தன. நுகர்வோர் கடன் பற்றி ஆராய்ந்த தேசிய ஆணையத்தின் முன் 1972இல் பெண்கள் வந்து சாட்சி சொன்னார்கள். திருமணமானதும் கடன் அட்டையைக் கணவன் பெயருக்கு மாற்றச் சொன்னார்கள். கடன் கேட்டால் மனைவியின் சம்பளத்தைக் கணக்கில் எடுக்க மறுத்தார்கள், அல்லது பாதியை மட்டும் எடுத்தார்கள். விவாகரத்தான பெண்ணுக்குத் தன் பெயரில் கடன் வரலாறே இல்லாமல் போனது. பால், திருமண நிலை ஆகியவற்றின் அடிப்படையில் கடன் மறுப்பதைத் தடைசெய்த சமக் கடன் வாய்ப்புச் சட்டத்தில் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்திட்ட நாள் 1974 அக்டோபர் 28.

பெரெட்டியின் வெள்ளி டிஃபனி கடைக்கு வந்தது அதே 1974 செப்டம்பரில். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. சட்டத்துக்காகப் போராடியவர்கள் வேறு பெண்கள். ஆனால் அந்தப் போராட்டத்தையும் இந்த நகையையும் ஒரே தலைமுறைதான் உண்டாக்கியது. தட்டச்சு இயந்திரத்தின் முன்னும் வகுப்பறையிலும் மருத்துவமனையிலும் வேலை பார்த்து, மாதக் கடைசியில் தன் கைக்குப் பணம் வாங்கிய பெண்கள் அவர்கள். தங்கச் சங்கிலியில் இடைவெளிவிட்டுச் சின்னஞ்சிறு வைரங்களைக் கோத்து பெரெட்டி அதே ஆண்டு கொண்டுவந்த மாலைகளும் அவர்களை மனதில் வைத்தவைதான். வைரத்தை ஒரு ஆண் வாங்கித் தரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்றாயிற்று. வைரம் என்றென்றைக்கும் உரியது என்று டி பீயர்ஸ் நிறுவனத்துக்காக 1947இல் விளம்பர வாசகம் எழுதி, திருமணத்தோடு வைரத்தை முடிச்சுப் போட்டவரும் ஒரு பெண்தான். பிரான்சஸ் ஜெரட்டி என்ற அவர் கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. சம்பாதிக்கும் பெண்ணைச் சந்தை எப்போதும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறது.

*

அந்தச் சந்தை சும்மா இருக்கவில்லை. திறந்த இதயம் நாளடைவில் காதலர் தினப் பரிசாக, பட்டமளிப்புப் பரிசாக, நீலப் பெட்டியில் வைத்து ஆண் நீட்டும் பொருளாக ஆனது. தனக்குத்தானே வாங்கிக்கொள்ளலாம் என்று வந்த நகையை மறுபடியும் ‘வாங்கிக் கொடுத்தான்’ என்ற வாக்கியத்துக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். இதைப் பெரெட்டியின் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். ஒரு வடிவத்தால் தன் பயன்பாட்டைத் தானே தீர்மானித்துக்கொள்ள முடியாது.

பரிசு, கூலி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரெட்டி தன் வாழ்க்கையிலேயே பார்த்தவர். 1970களின் நடுவில் ஹால்ஸ்டனின் வாசனைத் திரவியத்துக்கு நீர்த்துளி போன்ற குப்பியை வடிவமைத்துக் கொடுத்தார். அந்தத் திரவியம் அமோகமாக விற்றது. பணத்துக்குப் பதில் விலையுயர்ந்த ரோமக் கோட்டு ஒன்றை அவர் ஏற்றுக்கொண்டிருந்தார். சில ஆண்டுகள் கழித்து ஹால்ஸ்டன் வீட்டில் இருவருக்கும் சண்டை வந்தபோது அந்தக் கோட்டைக் கழற்றி எரியும் கணப்புக்குள் எறிந்துவிட்டார். போதையும் கோபமும் கலந்த அந்தக் காலத்து நியூயார்க்கின் வம்புக் கதையாக இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். நட்புக்காகச் செய்த வேலைக்குக் கூலி பேசாமல் விட்ட பெண்கள் எல்லோருக்கும் அந்த நெருப்பு கொஞ்சம் புரியும்.

டிஃபனியோடு அவர் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இந்தத் தவறு இல்லை. வடிவங்களின் உரிமை அவர் பெயரிலேயே இருந்தது. தயாரிப்பு, காட்சிப்படுத்தல், விளம்பரம் ஆகியவற்றில் அவர் ஒப்புதல் வேண்டும். ஒரு கட்டத்தில் நிறுவனத்தின் மொத்த விற்பனையில் சுமார் 10 சதவீதம் அவருடைய வடிவங்களிலிருந்து வந்தது. 2012இல் அவர் ஓய்வு பெற நினைத்தபோது, அவருடைய வடிவங்களைத் தொடர்ந்து விற்கும் உரிமைக்காக நிறுவனம் 20 ஆண்டுகளுக்குப் புதிய ஒப்பந்தம் போட்டு, 4.7 கோடி டாலருக்கும் மேல் கொடுத்தது. நாம் ரசீதில் ‘போனால் போனது’ என்று எழுதிவைக்கும் செய்கூலிக்குத்தான் இந்த விலை.

ஆனாலும் கூலி எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. பழைய பெரெட்டி நகையின் உட்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் முத்திரைகள் தெரியும்: நிறுவனத்தின் பெயர், வடிவமைப்பாளரின் பெயர், 925 என்ற தர எண், பல நகைகளில் ஸ்பெயின் என்ற நாட்டின் பெயர். அந்த நாட்டின் பெயருக்குப் பின்னால்தான் அச்சு எடுத்து, வெள்ளியை வார்த்து, மணிக்கணக்கில் மெருகேற்றிய கைவினைஞர்கள் இருக்கிறார்கள். பெரெட்டி அவர்களை மதித்தவர். அவர்களோடு பல பத்தாண்டுகள் வேலை செய்தவர். கட்டலோனியாவில் சான்ட் மார்ட்டி வெல் என்ற பாழடைந்த சிற்றூரில் வீடு வாங்கி, அந்த ஊரையே கொஞ்சம் கொஞ்சமாகச் செப்பனிட்டு, அங்கேயே வாழ்ந்து 2021 மார்ச் 18 அன்று இறந்தார். இருந்தும் முத்திரையில் ஒரு பெண்ணின் பெயர் ஏறியபோது தட்டாரின் பெயர் ஏறவில்லை. வடிவமைப்பாளரின் பெயரைக் கொண்டாடும் நாம் இதையும் பார்க்க வேண்டும். வீட்டைத் துறந்து வந்த மகளுக்குப் பின்னாளில் தந்தையின் சொத்தில் பங்கு கிடைத்தது என்பதும் கதையின் ஒரு பகுதிதான். அந்தப் பணத்தில் தந்தை பெயரில் ஒரு அறக்கட்டளை அமைத்து மனித உரிமைக்கும் சுற்றுச்சூழலுக்கும் செலவிட்டார்.

*

கல்லூரி மாணவிகளோடு நகை பற்றிப் பேசும்போது தங்கத்தை எளிதாகக் கிண்டல் செய்துவிடுகிறோம். ‘எங்கம்மாவுக்குத் தங்கப் பைத்தியம், எனக்கு ஆக்சிடைஸ்டு வெள்ளி போதும்’ என்று சொல்வது நவீனமாக இருப்பதுபோலத் தோன்றுகிறது. பெரெட்டியின் கதை என்னை அந்தக் கிண்டலிலிருந்து விலக்கிவைக்கிறது. திருமணத்தின்போது பெண்ணுக்குத் தரப்பட்ட நகை அவளுக்கே முழுச் சொந்தம், கணவன் அதைத் திருப்பித் தர மறுத்தால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம் என்று நம் உச்ச நீதிமன்றம் பிரதிபா ராணி வழக்கில் தெளிவாகச் சொன்னது 1985இல். இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமையைத் தமிழ்நாடு கொடுத்தது 1989இல். நாடு முழுவதற்கும் அது வந்தது 2005இல். இந்த ஆண்டுகளுக்கு முன்னால் மணமான அம்மாக்களிடம் வீடு இல்லை, நிலம் இல்லை, கணக்குப் புத்தகம் இல்லை. இருந்தது கழுத்திலும் கையிலும் மட்டும்தான். அவர்கள் எடையைப் பார்த்து வாங்கியது ரசனைக் குறைவால் அல்ல. சட்டம் கொடுக்காத பாதுகாப்பை அவர்கள் கிராம் கணக்கில் சேர்த்துவைத்தார்கள்.

இன்று ஒரு பெண் முதல் மாதச் சம்பளத்தில் தனக்குப் பிடித்த வடிவத்தில் ஒரு வெள்ளி மோதிரம் வாங்கிப் போட்டுக்கொள்கிறாள் என்றால், அந்த மோதிரத்துக்குப் பின்னால் ரசனை மட்டும் இல்லை. ஆணையத்தின் முன் போய்த் தன் கடன் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட கதையைச் சொன்ன பெண்கள் இருக்கிறார்கள். நகையைத் திருப்பிக் கேட்டு நீதிமன்றப் படியேறிய பெண்கள் இருக்கிறார்கள். வடிவத்தின் உரிமையை எழுதி வாங்கிக்கொண்ட ஒரு வடிவமைப்பாளர் இருக்கிறார். அந்த மோதிரத்தை வாங்க முடியாத பெண்களும் இன்னும் நம் நடுவில்தான் இருக்கிறார்கள்; அடகுக் கடை வாசலில் தோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் நிற்கிறார்கள். அவர்களுக்குத் தோட்டின் வடிவம் பிடித்திருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.